டிபன் பையில் பிள்ளைகளின் செருப்பு

பெரிய லீவு விடுகிறார்கள் என்றால் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் குதிக்கும். அதைப் பார்த்துப் பெற்றவர்களும் சிரிப்பார்கள். ஹைதராபாத்தில் மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் குடியிருந்த பெர்சிஸுக்கு மட்டும் ஏப்ரல் பிறந்தாலே சோறு தொண்டையில் இறங்காது.

பிள்ளைகள் இரண்டு. பெரியவன் நோவா, இரண்டாம் வகுப்பு முடித்தவன். சின்னவள் எமி, யூகேஜி போக வேண்டியவள். பள்ளிக்கூடம் இருக்கிற மாதங்களில் காலையில் ஆட்டோ வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போகும். வகுப்பு முடிந்த பிறகும் சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா உண்டு. லீவு விட்டால் பள்ளிக்கூடமும் பூட்டு, ஆயாவும் ஊருக்குப் போய்விடுவாள். கம்பெனிக்கு ஏது பெரிய லீவு? சனத்நகரில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில், வெளியூருக்குப் போகிற சரக்கைச் சரிபார்த்து லாரி ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் அவளுக்கு வேலை. வெயில் காலம் என்று யாராவது வால்வு வாங்காமல் இருக்கிறார்களா?

துணைக்கு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். அப்பா கொரோனாவில் போய்விட்டார். அம்மா மஸ்கட்டில் அண்ணன் ஏனோக் வீட்டில். அவன் பிள்ளைகளைப் பார்க்கப் போனவளை அவன் திருப்பி அனுப்பவே இல்லை. புருஷன் எங்கே என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புருஷன் பெயர் பிளஸ்ஸன். நாசரேத்துப் பையன். கம்ப்யூட்டர் வேலைக்கு ஹைதராபாத் வந்தவன், செகந்திராபாத் தமிழ்ச் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்சிஸைப் பார்த்துப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் வீட்டில் இருந்தும் இல்லாத மனுஷன். எமி பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். எதைக் கேட்டாலும் "அம்மட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்பான். பெர்சிஸும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு சொல் தப்பாக விழுந்துவிட்டால் வாரக்கணக்கில் வாய் திறக்கமாட்டாள். ஒருவர் பேசமாட்டார், ஒருவர் கேட்கமாட்டார். இப்படியே போய் இரண்டு பேரும் சம்மதித்தே கோர்ட்டில் பிரிந்தார்கள்.

பிள்ளைகள் அம்மாவிடம் இருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு போய், பொழுது சாயுமுன் கொண்டுவந்து விட வேண்டும். அதெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெரிய லீவுக்கு மட்டும் 'இருவரும் கலந்து பேசி முடிவு செய்க' என்று விட்டுவிட்டார்கள். கலந்து பேசத் தெரிந்தவர்கள் எதற்குக் கோர்ட்டுக்குப் போகிறார்கள்?

லீவு நெருங்கும்போது பிளஸ்ஸன் போன் செய்தான்.

"பெர்சி, லீவுக்குப் பிள்ளைகள அம்மட்ட விடலாம்னு பாக்கேன். நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிருவ. அதுக என்ன செய்யும்?"

"நான் ஏற்பாடு பண்ணியாச்சு."

"என்ன ஏற்பாடு? போன வருசம் டே கேர்ல விட்டு எமி கதவுல விரல நசுக்கிட்டு வந்தாளே, அந்த மாதிரியா?"

"அதெல்லாம் நக்கோ. பிள்ளைங்க எங்கயும் வரமாட்டாங்க. நீங்க வேலையப் பாருங்க."

'நக்கோ' என்றால் ஹைதராபாத்தில் வேண்டாம் என்று அர்த்தம். கோர்ட்டு பிரித்த பிறகும் அவளுக்கு இந்த 'நீங்க' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

"இந்த நக்கோ கிக்கோவெல்லாம் எங்கிட்ட வேண்டாம். ஏற்பாடு இருக்குன்னா சந்தோசம். ஒரு நாள் பிசகுச்சுன்னு காதுல விழுந்தாலும் அம்மையே நேர்ல வந்து கூட்டிட்டுப் போயிருவா, சொல்லிட்டேன்."

லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. நாசரேத்திலிருந்து வந்திருந்த ஒரு சபைக்காரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஊருக்கே வாரியளா? உங்க மாமியா அங்க ஒரு ஸ்கூல்ல மூணாம் வகுப்புக்கு ஒரு சீட்டு, யூகேஜிக்கு ஒரு சீட்டுன்னு விசாரிச்சிட்டு இருக்காவளே!" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டாள். லீவுக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு எதற்கு? போன பிள்ளைகள் ஜூனில் திரும்பாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இனி நடு வருஷத்தில் எடுக்க முடியாது என்பார்கள். பிறகு எந்தக் கோர்ட்டுக்கு ஓடுவது?

ஆக, பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் ஒரு நாள்கூடப் பிசகாமல் இரண்டு பிள்ளைகளையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்துக் காப்பாற்றிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாடி வீட்டு புஷ்பா மத்தியானத்துக்கு மேல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். புஷ்பா காலையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலை நேரத்துக்கு மட்டும்தான் வழியில்லை. வழி சொன்னவள் தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிற ஜெயசுந்தரி அக்கா.

"ஏன்டி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? விபிஎஸ் எதுக்கு இருக்கு?" என்றாள் அக்கா.

விபிஎஸ் என்பது லீவில் சபைகளில் நடக்கிற வேதாகமப் பள்ளி. காலையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாட்டு, கதை, கைவேலை, மனப்பாட வசனம், நடுவில் பிஸ்கட்டும் ரஸ்னாவும் என்று மத்தியானம் வரைக்கும் போகும். எந்தச் சபைப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்கமாட்டார்கள். வந்தால் உட்கார வைத்துவிடுவார்கள்.

"நம்ம சர்ச்ல பத்து நாள்தானேக்கா? அப்புறம்?"

"அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் மலைக்குக் கீழ தெலுங்கு சர்ச்சு. அது முடிஞ்சா இங்கிலீஷ் சர்ச்சு. அப்புறம் கத்தோலிக்க கோயில்ல சம்மர் கேம்ப். ஒண்ணு முடிய ஒண்ணு. ஜூன் வந்துரும். போ, போயி வயிறார சாப்பிடு."

அப்படித்தான் அந்தக் கோடை தொடங்கியது. முதல் பத்து நாள் தமிழ்ச் சபையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற ஜெயசுந்தரி அக்காவின் வீட்டுக்காரரே வண்டியில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். இரண்டாவது தெலுங்குச் சபை. அங்கேதான் ஒரு வேடிக்கை. சபை வேறு, பாஷை வேறு, ஆனால் அந்த வருஷத்துப் பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதே யோனா தீர்க்கதரிசி, அவரை விழுங்கிய அதே மீன், அதே செய்கைப் பாட்டு. டீச்சர் வாய் திறக்குமுன் எமி எழுந்து நின்று அடுத்த அடிக்குக் கை ஆட்டிவிடுவாள். நோவா எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவான். "இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?" என்று டீச்சரம்மா அதிசயப்பட்டாராம்.

"மம்மி, மள்ளீ அதே ஸ்டோரி! ஐ நோ எவ்ரிதிங்!" என்று, மறுபடியும் அதே கதையா என்கிற மாதிரி நோவா சிணுங்கினான். பெர்சிஸ் தமிழில் பேசினால் அவனுக்குப் புரியும், பதில் மட்டும் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும் தமிழும் கலந்துதான் வரும்.

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி உக்காரு, கண்ணா. டீச்சர் மனசு கஷ்டப்படும்."

"ஹௌ மெனி டைம்ஸ் மம்மி, அந்த மீனு வயித்துக்குள்ள?"

"ஸ்கூல் திறக்குற வரைக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு வாசல் வரைக்கும்தான். பிள்ளைகளைக் கேட்டில் விட்டுவிட்டு, கமான் வளைவுப் பக்கம் வருகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதே பயம் கூட ஓடிவரும். யாராவது "நீங்க எந்த வீடு, புருஷன் என்ன பண்றாரு?" என்று கேட்டுவிடக் கூடாது என்று அவள் கேட்டைத் தாண்டி உள்ளே காலே வைக்கவில்லை. டீச்சரம்மாவின் போன் நம்பரைக்கூட வாங்கவில்லை. நம்பர் வாங்கினால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பேச வேண்டும். பிரிந்து வந்த பிறகு பேச்சென்றாலே எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சபையில் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் தலை வாரும்போது நோவா என்னவோ ராலி, ஜெண்டா என்று சொன்னான். கைவேலையில் கொடி ஒட்டச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, "சரி சரி, பட்டன் போடு" என்று கிளப்பிக் கேட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற சமயம். புஷ்பா போன் செய்தாள்.

"அக்கா, சர்ச்சு பூட்டிக் கெடக்கு. ஒரு பிள்ள இல்ல. பிள்ளைங்கள வேற எங்கயாச்சும் விட்டியா?"

"பூட்டியா? நல்லாப் பாத்தியா? பின்னாடி ஹால் இருக்கே?"

"அதுவும் பூட்டு. எதுக்குப் பூட்டினாங்கன்னு கேக்கக்கூட ஒரு ஆள் இல்லக்கா. எதிர் வீட்டுக்காரங்களும் தெரியாதுங்கறாங்க."

யாரைக் கூப்பிடுவது? நம்பர் கிடையாது. வெயிலில், ரயில் ரோட்டுப் பக்கம், நாலு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நோவா நடக்கிறது போல ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அடுத்த நிமிஷம் இன்னொரு காட்சி வந்தது: பிள்ளைகள் ரயில் ஜன்னலில். அதோடு புத்தி போய்விட்டது. பிளஸ்ஸனுக்குப் போன் போட்டாள்.

"பிள்ளைங்கள எங்க வச்சிருக்கீங்க? சொல்லுங்க! உங்கம்மா வந்துட்டாங்களா? எந்த ட்ரெயின்?"

அவன் மெதுவாகக் கேட்டான்.

"என்ன சொல்லுத? பிள்ளைகளக் காணலையா?"

அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. எந்தச் செய்தி அவன் காதில் விழவே கூடாது என்று இத்தனை நாள் காத்தாளோ, அதைத் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று.

பைக் டாக்சி பிடித்து எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. புஷ்பா ஸ்டேஷன் பக்கம் தேடப் போயிருந்தாள். சர்ச் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. பெர்சிஸ் அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போது பிளஸ்ஸனின் வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினான்.

"எங்கன விட்ட?"

"இங்கதான்."

"யாருட்ட?"

கேட்டில் விட்டாள். யாரிடம் விட்டாள்?

அந்த நேரத்துக்குச் சாப்பிடப் போயிருந்த கரும்பு ஜூஸ்காரர் தள்ளுவண்டிக்குத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவரிடம் ஓடினார்கள்.

"பச்சே லோகா?" என்றார் அவர், பல் குத்திக்கொண்டே. "ஜெண்டே லேகே சப் பட்ரி கே உதர் கயே. டோல் பஜாதே."

கொடி பிடித்துக்கொண்டு, மேளம் தட்டிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனார்களாம்.

"ஏறு" என்றான் பிளஸ்ஸன்.

எத்தனையோ காலம் கழித்து அவன் வண்டியில் ஏறினாள். தோளைப் பிடிக்காமல் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த கம்பி கையைச் சுட்டது. விடவில்லை. ரயில்வே கேட் போட்டு ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே பெட்டி பெட்டியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் கழுத்தில் வேர்வை ஓடுவதை அவள் பார்த்தாள். அவனுக்கும் பயம்தான்.

தண்டவாளத்துக்கு அப்பால் இன்னொரு தெலுங்குச் சபை. தூரத்திலேயே பிரியாணி வாசனை. பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். நடுவில் நோவா, காகிதத் தட்டோடு. தலையில் அட்டைக் கிரீடம், பக்கத்தில் பரிசு வாங்கிய தண்ணீர் பாட்டில். எமி டீச்சரம்மா மடியில், கையில் கொடியோடு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மம்மி! டாடி! ஐ காட் ஃபர்ஸ்ட்!" என்று நோவா கத்தினான். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் அவன் தட்டு சரிந்தது.

டீச்சரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆதிவாரம் அனௌன்ஸ் சேசாமு கதா, அம்மா?" என்றார். கடைசி நாள் ஊர்வலம் போகும், இங்கே வந்து சாப்பாடு, பெற்றோர் இங்கே வந்து கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பீடத்திலிருந்து சொன்னார்களே என்கிறார். அந்தச் சபையில் எதையும் அங்கேதான் சொல்வார்கள். பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வராமலா இருப்பார்கள்?

பிளஸ்ஸன் திரும்பினான். "ஞாயித்துக்கிழம நீ எங்க இருந்த?"

"நம்ம சர்ச்ல."

"ஆக, பிள்ளைகள இரவல் சபையில விட்டுட்டு நீ உன் சபையில போய் உக்காந்திருந்திருக்க." அவன் போனை எடுத்தான். "போதும், பெர்சி. அம்மட்ட சொல்லிட்டுத்தான் வண்டியே எடுத்தேன். ஞாயித்துக்கிழம ரயில் ஏறுதா."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். பெர்சிஸுக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. வாரக்கணக்கில் பேசாமல் இருக்கத் தெரிந்தவள் அன்றைக்குப் பேசினாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையா, உங்கம்மாவுக்கா?"

"என்ன கேள்வி இது?"

"அக்கறை உங்களுக்குன்னா நீங்க வாங்க. வீட்ல இருந்து வேலை பாக்கலாம்னு உங்க ஆபீஸ்ல விடறாங்கதானே? அந்த வீடு என் வீடா இருக்கட்டும். காலைல வாங்க, சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் இருங்க. புஷ்பாவும் தங்கச்சி கல்யாணத்துக்கு வரங்கல் போறா. பிள்ளைங்க கேட்டத் தாண்டக் கூடாது. அவ்ளோதான்."

"உன் வீட்லயா? நானா? எனக்கு மீட்டிங் மேல மீட்டிங்."

"அப்போ எனக்கு லாரி மேல லாரி. பரவால்ல, முடியாதுன்னா சொல்லிடுங்க. நான் வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்துக்கறேன். ரயில் மட்டும் ஏத்தமாட்டேன். நக்கோன்னா நக்கோ."

"டாடி, நம்ம வீட்ல வைஃபை இருக்கு" என்றான் நோவா, வாய் நிறையச் சோற்றோடு.

அன்று சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பினான்: 'அம்மாவை ஒரு வாரம் பொறுத்து வரச் சொல்லியிருக்கிறேன். திங்கள் வருகிறேன்.'

கேட்டதை வாங்கிவிட்டாளே, நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்கிறீர்களா? புதுப் பயம் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை தானே கதவைத் திறந்து, பிள்ளைகளையும் கொடுத்து, சாவியையும் கொடுத்துவிட்டுப் போகப் போகிறாள். அந்த ஒரு வாரம் என்பது எதற்கு? அந்தம்மா வருவதற்கு முன்னால் இவனே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால்? பொம்மையை ஒளித்து வைக்கலாமா, துணிமணியைப் பூட்டி வைக்கலாமா என்று என்னென்னவோ யோசித்தாள்.

திங்கட்கிழமை காலையில் பிளஸ்ஸன் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். அவள் சாம்பாரைக் காட்டினாள், எமியின் மருந்தைக் காட்டினாள், கேஸை மூடச் சொன்னாள். வாசலில் வந்து தன் செருப்பை மாட்டும்போது பக்கத்தில் இரண்டு சின்ன ஜோடிகள் கிடந்தன. நோவாவின் நீலச் செருப்பு, எமியின் பூப்போட்ட ரோஸ் செருப்பு. அவளுக்கு என்ன தோன்றியதோ, யாரும் பார்க்காதபோது குனிந்து நாலையும் ஒரு கவரில் சுற்றி, டிபன் பைக்குள் திணித்துக்கொண்டாள். அலமாரிக்குக் கீழே இருந்த பள்ளிக்கூட ஷூவையும் விடவில்லை. அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். செருப்பில்லாத பிள்ளையை மே மாதத்து வெயிலில் யார் ரயிலேற்றுவது? கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ரயிலடியில் செருப்புக் கடை இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது. இருந்தாலும் பையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பையைத் திறந்ததும் டிபன் டப்பாவோடு ரோஸ் செருப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து மேஜை தினேஷ் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மேடம், இது எந்தப் பார்ட்டிக்கு டெஸ்பாட்ச்?"

"எந்தப் பார்ட்டிக்கும் இல்ல. ஹோல்டு பண்ணி வச்சிருக்கேன்."

தினேஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்தாள், பிளஸ்ஸன் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வெட்டினான். சாப்பாட்டுக்குப் பிறகு செய்தபோது போன் அணைந்து கிடந்தது. மறுபடியும் செய்தாள். அணைந்து கிடந்தது. தலைவலி என்று சொல்லிப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சந்து முனையிலிருந்தே பார்த்துவிட்டாள். கேட் சாத்தியிருந்தது. வீட்டுக் கதவில் பூட்டு.

கதவைத் தட்டினாள். பூட்டியிருக்கிற கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? அவளுக்கு அது தெரியவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். "நோவா! எமி!" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். உள்ளே மின்விசிறி நின்றிருந்தது. நாற்காலி காலி. கம்ப்யூட்டர் மேஜையில் மூடிக் கிடந்தது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அந்த மனுஷன் எங்கேயும் போகமாட்டானே என்று ஒரு எண்ணம் வந்தது. பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதையும் விட்டுப் போவான் என்று அடுத்த எண்ணம். ரயில் எந்த நேரம்? செகந்திராபாத்திலிருந்தா, காச்சிகூடாவிலிருந்தா? போலீசுக்குப் போவதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா? தெருவுக்கு ஓடிவந்தாள்.

தெருக் கோடியில், வெள்ளை வெயிலில், என்னவோ ஒன்று ஆடி ஆடி வந்தது.

முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிளஸ்ஸன்தான். எமி அவன் தோளில் கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைச் சுற்றி நுங்குத் தண்ணீர் ஒழுக, ராஜாத்தி மாதிரி வந்தாள். பக்கத்தில் நோவா, அப்பாவின் பெரிய ஆபீஸ் ஷூவுக்குள் காலை விட்டு, டக்டக்கென்று இழுத்து இழுத்து நடந்து வந்தான். பிளஸ்ஸன் வெறுங்காலோடு வந்தான். தார் ரோடு சுட்டதில் குதிகாலைத் தூக்கித் தூக்கி, ஓரத்தில் நிழல் கண்ட இடமெல்லாம் தாவித் தாவி, இடுப்பில் ஒரு பை நுங்கை இடுக்கிக்கொண்டு வந்தான்.

பெர்சிஸ் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனே" என்றாள், அவர்கள் பக்கத்தில் வந்ததும்.

"கரண்டு போயிட்டு. போனும் செத்துட்டு. இவ 'வேடி வேடி'ன்னு ஒரே அழுக. வேகுதாம். முனையில நுங்கு வண்டி நின்னுச்சு. எத்தன நேரம் தேடுதோம் தெரியுமா, பிள்ளைகளுக்குச் செருப்பே இல்ல வீட்ல! ஷூவும் இல்ல!"

"மம்மி, மை சப்பல்ஸ் கும் ஹோ கயே" என்றான் நோவாவும், தொலைந்துபோனதற்குத் தான் பொறுப்பில்லை என்பது போல.

கதவைத் திறந்து எல்லாரும் உள்ளே போனார்கள். பெர்சிஸ் டிபன் பையைத் திறந்து, கவரைப் பிரித்து, நீல ஜோடியையும் ரோஸ் ஜோடியையும் வாசலில் வரிசையாக வைத்தாள்.

பிளஸ்ஸன் பார்த்தான். தன் பாதத்தைப் பார்த்தான். சிவந்து போயிருந்தது. மறுபடியும் செருப்பைப் பார்த்தான்.

"ஆபீசுக்கா கொண்டு போன?"

"ஹவ்," ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பிள்ளைக செருப்பையா?"

"ஹவ்ன்னு சொன்னேன்ல."

அவன் சிரிப்பானோ கத்துவானோ என்று நோவா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிளஸ்ஸன் இரண்டும் செய்யவில்லை. பாத்ரூமில் போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "நாளைக்கு வச்சிட்டுப் போ" என்றான். "நான் எங்கேயும் கொண்டு போகமாட்டேன்."

"அந்த ஸ்கூல் சீட்டு?"

அவன் நிமிர்ந்தான். "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? இருக்கா இல்லையா?"

"அம்மாதான் கேட்டு வச்சா." காலைத் தேய்த்துக்கொண்டே, "நான் வேண்டாம்னு சொல்லல" என்றான்.

"இப்பச் சொல்லுங்க. சொன்னா செருப்ப வச்சிட்டுப் போறேன்."

கரண்டு வந்துவிட்டது. போனைச் செருகி, உயிர் வந்ததும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். அந்தப் பக்கம் என்ன பேச்சு வந்ததென்று பெர்சிஸுக்குக் கேட்கவில்லை. இவன் பேசியது மட்டும் கேட்டது. "சீட்டு வேண்டாம்மா… இல்ல, அவ சொல்லித் தரல. நான்தான் சொல்லுதேன்… நீ வா, வந்து பாத்துட்டுப் போ. பிள்ளைக இங்கதான் இருக்கும்… கால்ல ஒண்ணும் இல்ல, லேசா சுட்டுட்டு." எமி கையில் ஒரு நுங்கைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போய் நின்றாள்.

அவன் போன பிறகு பெர்சிஸ் பீரோவைத் திறந்து பள்ளிக்கூட ஷூக்களை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தம்மா வருவாள், வந்தால் பேசுவாள், மகன் அம்மா பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். ஒரு போனில் எல்லாம் முடிந்துவிடாது என்று பெர்சிஸுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பிளஸ்ஸன் காலில் தைலம் தடவிக்கொண்டு வந்தான். பெர்சிஸ் அவனுக்கும் சேர்த்துக் காப்பி போட்டு வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்தான். நோவாவின் நீலச் செருப்பை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசற்படியில் நடுவாக வைத்தாள். எமியின் ரோஸ் செருப்பை எடுத்து, திரும்பிப் பார்க்காமல், டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.